அமெரிக்கக் குடியேற்றம்: எல்லாக் காகிதத்தையும் ஒரே மாதிரி ஆக்கிவிடலாமா?

8 ஜூன் 2025 – வாசகர் ஒருவரின் கேள்வி

என் 58 வயது மாமாவுக்கு அவருடைய அக்கா 2006-இல் போட்ட அமெரிக்க மனு இப்போதுதான் முன்னுக்கு வந்திருக்கிறது. மாமாவிடம் பிறப்புச் சான்று இல்லை. பள்ளிச் சான்றில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் இன்னொன்று, பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் முழுசாக. கும்பகோணத்தில் ஒரு ஏஜென்ட், "எல்லாத்தையும் பாஸ்போர்ட்டுல உள்ளபடி ஒரே மாதிரி ஆக்கிடலாம், கெஜட்ல போட்டுட்டு புதுசா பிறப்புச் சான்றும் வாங்கிடலாம்" என்கிறார். எல்லாம் ஒத்துப்போய்விட்டால் தூதரகத்தில் கேள்வியே வராதுதானே?

8 ஜூன், இரவு – என் பதில்

58 வயது ஆளுடைய காகிதம் அத்தனையும் 2025-இல் பிறந்திருந்தால் கேள்வி அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ஏஜென்டிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். நாளைக்கு எழுதுகிறேன்.

9 ஜூன்

நான் வக்கீல் இல்லை. மன்னார்குடி வட்டத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தெருவில் யார் வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும் அது கடைசியில் என் திண்ணைக்குத்தான் வரும். எங்கள் தெருக் குடும்பம் ஒன்றுக்கு அச்சு அசலாக இதே நிலைமை. அக்கா அங்கே குடியுரிமை வாங்கி, 2006 ஏப்ரலில் தம்பிக்கு ஐ-130 மனுப் போட்டார். உடன்பிறந்தோர் பிரிவு, எஃப்4 என்பார்கள். உலகம் முழுவதற்கும் சேர்த்து வருஷத்துக்கு 65,000 விசா, அதோடு எந்த ஒரு நாட்டுக்கும் மொத்த ஒதுக்கீட்டில் 7 சதவீதம் என்ற உச்சவரம்பும் உண்டு. எந்தத் தேதி மனுவரை முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினைப் பாருங்கள், இந்தியர்களுக்கு இந்தப் பிரிவில் இப்போது 2006-ஆம் வருஷத்து மனுக்கள்தான் ஓடுகின்றன. மனுப் போட்டபோது மூத்த பெண்ணுக்கு எட்டு வயது நிறையவில்லை. இப்போது அவளுக்கு வரன் பார்க்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நேர்காணலில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி, காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்தான். அதைவிட முக்கியமாக, ஒவ்வொன்றும் எப்போது எழுதப்பட்டது என்று பார்ப்பார். 1972-இல் ஒரு வாத்தியார் மைப்பேனாவில் எழுதிய சேர்க்கைப் பதிவேட்டில் அமெரிக்காவுக்காக யாரும் எதையும் திரித்திருக்க முடியாது. போன மாதம் வாங்கிய சான்றுக்கு அந்த மரியாதை இல்லை. பழைய காகிதத்தில் இனிஷியல் மாறியிருந்தால் மாறியபடியே கொடுங்கள். ஏன் மாறியது என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். விசா விண்ணப்பமான டிஎஸ்-260 படிவத்திலேயே "இதுவரை பயன்படுத்திய வேறு பெயர்கள்" என்று கேட்கிறான். இனிஷியல் வேறாக உள்ளது, முழுப் பெயராக உள்ளது, 'சாமி'யை எஸ்.ஏ.எம்.ஐ என்றும் எஸ்.டபிள்யூ.ஏ.எம்.ஒய் என்றும் எழுதியது, எல்லாவற்றையும் அதில் போடலாம். படிவமே இடம் கொடுக்கும்போது கெஜட்டில் காசைக் கரைப்பானேன்?

11 ஜூன்

பிறந்த தேதி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதில் என் தொழிலே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. டெல்டாவில் ஐம்பது வயது தாண்டிய பத்துப் பேரை நிறுத்திக் கேளுங்கள், பாதிப் பேருக்கு ஜூன் மாதத்தில் பிறந்தநாள் இருக்கும். அந்தக் காலத்தில் பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்தால், வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டுவிட்டால் ஐந்து வயது. தேதி தெரியாவிட்டால் சேரும் வருஷத்திலிருந்து ஐந்தைக் கழித்து ஜூனில் ஒரு நாளைத் தலைமையாசிரியர் எழுதிவிடுவார். எனக்கு முன்னால் இருந்தவர் ஐந்தாம் தேதிக்காரர். அவர் காலத்தில் சேர்ந்த பிள்ளைகள் கூட்டமாக ஜூன் 5-இல் பிறந்திருக்கிறார்கள்.

எங்கள் தெருத் தம்பியும் அதில் ஒருவர். சேர்க்கைப் பதிவேடு, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பாஸ்போர்ட், ஆதார் எல்லாவற்றிலும் 1967 ஜூன் 5. வீட்டு ஜாதக நோட்டில் பிலவங்க வருஷம் ஐப்பசி. ஆக, அசல் பிறப்பு நவம்பரை ஒட்டி. பள்ளிக்கூடம் அவரை ஐந்து மாதம் மூத்தவராக்கிவிட்டது.

12 ஜூன்

மேட்டூர் திறந்துவிட்டார்கள். கல்லணை தாண்டி நம் வாய்க்காலுக்கு வருவதற்குள் பழைய பதிவேடு தேடும் வேலையை முடித்துவிடுங்கள். குறுவை நடவு தொடங்கினால் உங்கள் மாமாவும் கையில் சிக்கமாட்டார்.

17 ஜூன்

பழைய பிறப்புப் பதிவேட்டை எங்கே தேடுவது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பெரும்பாலான இடங்களில் 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் பதிவே இல்லை என்று ஏஜென்ட்கள் சொல்வதை நம்பாதீர்கள். மதராஸ் மாகாணத்தில் 1899-லேயே சட்டம் இருந்தது. கிராமத்தில் மணியக்காரர் பதிவேடு வைத்திருப்பார். பதிவு அரைகுறையாக இருந்தது என்பதுதான் உண்மை. கிராமத்துப் பழைய பதிவேடுகள் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். 1980-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பரம்பரை மணியம், கணக்குப்பிள்ளை பதவிகளை எடுத்தபோது கைமாறியதில் சில ஊர்க் கட்டுகள் சிதறிப்போயின என்று எங்கள் பக்கம் பேச்சு உண்டு. ஆனாலும் தேடச் சொல்லி மனுக் கொடுக்காமல் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

தேடும்போது பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவார்கள். தகப்பன் பெயர், ஊர், உத்தேச மாதம் இதைக் கொடுக்க வேண்டும். ஜூனில் தேடினால் கிடைக்காது, ஜாதக மாதத்தில் தேடுங்கள். நாங்கள் அப்படித்தான் கண்டுபிடித்தோம். 1967 நவம்பர், ஆண் குழந்தை, தகப்பன் பெயர் சரி, தொழில் விவசாயம், தகவல் சொன்னவர் தலையாரி. குழந்தையின் பெயர்க் கட்டம் காலி.

இப்போதுதான் சங்கடம். பதிவு கிடைக்காமலிருந்தால் "பதிவு இல்லை" என்று ஒரு சான்று வாங்கி, பள்ளிச் சான்றையும் பிறந்த சமயம் அறிந்த இரண்டு மூத்த உறவினரின் உறுதிமொழியையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். 1970-க்கு முந்தைய இந்தியப் பிறப்புகளுக்கு அதை ஏற்கிறார்கள். கிடைத்துவிட்டது. தேதியும் இடிக்கிறது. ஒருவர் அந்த இடத்திலேயே காதைக் கடித்தார்: "சார், கிடைக்கலைன்னே எழுதி வாங்கிடலாமே."

18 ஜூன்

"ஐந்து மாதம்தானே, மறைத்தால் என்ன" என்று கேட்டவருக்கு. ஐந்து மாதம்தானே, காட்டினால்தான் என்ன? தம்பி 1967 ஜூனில் பிறந்தாலும் நவம்பரில் பிறந்தாலும் அக்காவுக்குத் தம்பிதான். தகுதியில் ஒரு மயிரிழை மாற்றம் கிடையாது. ஆனால் இருக்கிற பதிவை இல்லை என்று எழுதி வாங்கிக் கொடுத்தால் அது பொய் ஆவணம். குடியேற்றச் சட்டத்தில் 212(ஏ)(6)(சி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. முக்கியமான விஷயத்தில் தெரிந்தே புளுகினால் ஆயுளுக்கும் தடை. பத்தொன்பது வருஷம் காத்திருந்த ஆளுக்கு அந்தச் சூதாட்டம் தேவையா? உப்புப் பெறாத விஷயத்தை நாமே குற்றமாக்கிக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

அக்கா அங்கே வைத்திருக்கும் வக்கீல் சொன்ன வழி: படிவத்தில் பாஸ்போர்ட் தேதி, கூடவே சார்பதிவாளர் அலுவலக நகல், பள்ளிப் பதிவேட்டின் நகல், வித்தியாசத்துக்குக் காரணம் சொல்லி ஓர் உறுதிமொழி. இது இந்த ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த ஆலோசனை. உங்கள் மாமாவுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாமல் உங்கள் வக்கீலைக் கேளுங்கள்.

20 ஜூன்

உறுதிமொழி பற்றி ஒரு சேர்க்கை. தம்பி பிறந்தபோது வீட்டில் இருந்தவர்களில் இன்று உயிரோடிருப்பவர் அத்தை ஒருத்தர்தான். நோட்டரி அலுவலகத்தில் ஆங்கிலத்தில் மூன்று பக்கம் அடித்துக் கொடுத்தார்கள். அத்தைக்கு ஒரு வரி புரியவில்லை, கைநாட்டு மட்டும் கேட்கிறார்கள். அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தமிழில் எழுதினோம். "தீபாவளி கழிந்த வாரம், நல்ல மழை, மருத்துவச்சி வரத் தாமதமானது, நான் பக்கத்தில் இருந்தேன்." அவ்வளவுதான். அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தனியாக. மொழிபெயர்த்தவர் தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது போதும். நாளைக்கு யாராவது தொலைபேசியில் அத்தையைக் கேட்டாலும் அவர் இதையேதான் சொல்வார், வேறு எதுவும் அவருக்குத் தெரியாது.

மொழிபெயர்ப்புக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று ஏஜென்ட் கேட்கும் தொகையைக் கேட்டு எனக்கு மறுபடியும் வேலைக்குப் போகலாமா என்று தோன்றியது.

23 ஜூன்

"பிறந்த ஊருக்கு மாவட்டம் மூன்று விதமாக வருகிறது, எதை மாற்றுவது?" எதையும் மாற்றாதீர்கள். 1967-இல் மன்னார்குடி தஞ்சாவூர் மாவட்டம். 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தபோது அதில் போனது. 1997-இல் திருவாரூர் மாவட்டம். மயிலாடுதுறைக்காரர்களுக்கு 2020 டிசம்பரில் இன்னொரு தடவை. ஊர் நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது. விளக்கக் கடிதத்தில் இந்த மூன்று வருஷத்தையும் ஒரு வரியில் எழுதினால் முடிந்தது. இதற்காக ஒருவர் 1982-ஆம் வருஷத்துப் பள்ளிச் சான்றில் "திருவாரூர் மாவட்டம்" என்று திருத்தித் தரச் சொல்லி என் பழைய பள்ளிக்கே வந்தார். 1982-இல் இல்லாத மாவட்டத்தை நான் எங்கேயிருந்து கொண்டுவருவேன்?

1 ஜூலை

கல்யாணச் சான்று. தம்பிக்கு 1996-இல் சுயமரியாதைத் திருமணம். மன்னார்குடியில் மண்டபம், தலைமை தாங்கிப் பேச ஒருவர், மாலை மாற்றிக்கொண்டார்கள், சாப்பாடு. ஐயர் இல்லை, அக்னி இல்லை, பதிவும் செய்யவில்லை. நம் பக்கம் இப்படி எத்தனையோ வீடுகள்.

இப்போது பதிவு செய்யப் போனால் ஒரு அலுவலகத்தில் மனுவை வாங்கியவர், "புரோகிதர் பேரு? கோயில் ரசீது?" என்று கேட்டிருக்கிறார். தம்பி மனைவிக்கு ஆவேசம் வந்துவிட்டது. அவர் அப்பா கருப்புச் சட்டைக்காரர். "எங்க கல்யாணம் செல்லாதுன்னு சொல்றீங்களா" என்று ஒரே சத்தம். நான் போய் 1955 இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கான 7-ஏ பிரிவைக் காட்டினேன். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் நிறைவேறியது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ செல்லும். சட்டத்துக்கு முந்தைய சுயமரியாதைத் திருமணங்களும் சேர்த்தே செல்லுபடியாயின. அச்சடித்த அழைப்பிதழ், இரண்டு புகைப்படம், சாட்சி சொல்ல மூன்று பேர். வேலை நடந்தது.

இந்தச் சான்று 2025-இல் வாங்கியதுதான். அப்படியானால் நான் முதலில் சொன்னதற்கு இது முரணா? இல்லை. கல்யாணம் நடந்த தேதி 1996, பதிந்த தேதி 2025 என்று இரண்டுமே அதில் இருக்கிறது. அது எதையும் மறைக்கவில்லை. கூடவே அந்தக் கால அழைப்பிதழும் மூத்த பெண்ணின் 1998 பிறப்புச் சான்றும் போகின்றன. புதுக் காகிதம் வாங்குவதில் தப்பில்லை. பழையதை அழிக்க வாங்குவதுதான் தப்பு.

2 ஜூலை

அழைப்பிதழைத் தேடியவர்களுக்கு: உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டுப் பரணில் பாருங்கள். பெண் வீட்டார் எதையும் தூக்கிப் போடமாட்டார்கள்.

6 ஜூலை

பிள்ளைகள் விஷயத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எழுதத்தான் வேண்டும்.

தம்பிக்கு விசா கிடைத்தால் மனைவிக்கும், 21 வயதுக்குள் இருக்கிற கல்யாணமாகாத பிள்ளைகளுக்கும் கூடவே கிடைக்கும். 21 என்பதை அப்படியே எடுக்காமல், மனு அலுவலகத்தில் தூங்கிய காலத்தைக் கழித்துக் கணக்கிடுகிறார்கள். 2002-இல் வந்த குழந்தைகள் நிலைப் பாதுகாப்புச் சட்டம். எங்கள் கணக்கு இது. மனுப் போட்டது 2006 ஏப்ரல், ஏற்றது 2010 டிசம்பர், இடைவெளி நாலு வருஷம் எட்டு மாதம். விசா எண் கிடைக்கும் நிலை வந்தது இந்த வருஷத் தொடக்கத்தில். அப்போது இளையவளுக்கு 21 தாண்டிச் சில மாதம். நாலு வருஷம் எட்டு மாதத்தைக் கழித்தால் 17-ஐ ஒட்டி வருகிறது. தாராளமாக உள்ளே. மூத்தவளுக்கு 27-ஐ நெருங்கிய வயது. கழித்தால் 22 வருஷம் சொச்சம். வெளியே.

ஒரு வருஷம் சில மாத வித்தியாசத்தில் ஒரு பெண் கூடப் போகிறாள், ஒரு பெண் இங்கே.

மூத்தவளையும் படிவத்தில் சேர்த்துக் கேட்டுப் பார்த்தால் என்ன, கேட்பதில் என்ன குறைந்துவிடும் என்று எனக்கும் ஆரம்பத்தில் நினைப்பு இருந்தது. பிள்ளைகள் பட்டியலில் அவள் பெயர் கண்டிப்பாக வர வேண்டும், அது வேறு. விசா கேட்க வழியில்லை. அப்பாவின் பழைய வரிசைத் தேதியையாவது, அதாவது 2006-இல் மனுப் போட்ட நாளையாவது, அவள் வைத்துக்கொள்ளலாமா என்றால், இப்படி வயது தாண்டிய அண்ணன் தம்பி பிரிவுப் பிள்ளைகளுக்கு அது கிடையாது என்று 2014-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. மிச்சம் இருப்பது ஒரே வழி. அப்பா அங்கே போய் கிரீன் கார்டுக்காரராக இவளுக்கு, 21 தாண்டிய கல்யாணமாகாத பிள்ளைகளுக்கான எஃப்2பி பிரிவில் புது மனுப் போடுவது. இப்போதைய வரிசைப்படி எட்டு ஒன்பது வருஷம். அதுவும் கல்யாணமாகாமல் இருந்தால். நடுவில் கல்யாணம் ஆனால் அந்த மனு செத்தது. அப்பா ஐந்து வருஷம் இருந்து குடியுரிமை வாங்கிய பிறகு, கல்யாணமான பிள்ளைகளுக்கான எஃப்3. அது இன்னும் நீளம்.

சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு மூத்தவள் கல்யாணத்தைத் தள்ளிப்போடு என்கிறார்கள். கூட்டிக் கழித்துப் பாருங்கள். இந்த மனுவில் அவள் கல்யாணத்தால் ஒன்றும் கெடாது, அவள் ஏற்கெனவே அதில் இல்லை. கல்யாணம் தள்ள வேண்டியது இளையவளுக்குத்தான். அவள் அங்கே போய் இறங்கி முத்திரை விழும்வரை கல்யாணம் ஆகியிருக்கக்கூடாது. இதை நான் சொன்னதும் தம்பி மனைவி ஒரு பாட்டம் அழுதார். மூத்தவள் திருச்சியில் வேலையில் இருக்கிறாள். அவள்தான் தெளிவாகப் பேசினாள். "எனக்காக எட்டு வருஷ ஜோசியமெல்லாம் வேணாம் பெரியப்பா. தையில கல்யாணத்த முடிச்சிட்டு அவங்க கெளம்பட்டும்." அதையே திட்டமாக எடுத்துக்கொண்டோம்.

முறை வந்த ஒரு வருஷத்துக்குள் டிஎஸ்-260 போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் இளையவளின் வயதுப் பாதுகாப்பும் போய்விடும். ஆளுக்கு 325 டாலர், அக்கா தரும் நிதிப் பொறுப்புப் பத்திரத்துக்கு 120 டாலர். "எல்லாக் காகிதமும் சேரட்டும், அப்புறம் கட்டலாம்" என்று உட்காராமல் பணத்தைக் கட்டிப் படிவத்தை அனுப்புங்கள். காகிதம் பின்னால் ஏற்றலாம்.

7 ஜூலை

"என் அக்கா, அதாவது பெரியப்பா மகள், அங்கே குடியுரிமை வாங்கியவர். அவர் எனக்கு மனுப் போடலாமா?" முடியாது. அப்பாவோ அம்மாவோ பொதுவாக இருக்க வேண்டும். நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் பாதி மன்னார்குடி எஃப்4-இல் போய்விடும்.

15 ஜூலை

காவல்துறைச் சான்று. இந்தியச் சான்றுக்குப் பாஸ்போர்ட் இணையதளத்தில் பதிந்து தஞ்சாவூர் சேவை மையத்துக்குப் போனால் ஆயிற்று. நம் பக்கத்துக்குச் சிக்கல் வெளிநாட்டில் வேலை பார்த்தவர்களுக்கு. 16 வயதுக்குமேல் வேறொரு நாட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தால் அந்த நாட்டுச் சான்றும் வேண்டும். எங்கள் தம்பி 1999 முதல் 2005 வரை சிங்கப்பூரில் கட்டட வேலை. இருபது வருஷம் ஆகிவிட்டதே, யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள். படிவத்தில் வேலை வரலாறு எழுதும்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். பழைய பாஸ்போர்ட் இருந்தால் வேலை அனுமதி எண், வந்துபோன முத்திரை எல்லாம் அதில் இருக்கும். சிங்கப்பூர் காவல்துறைக்கு இணையத்தில் விண்ணப்பம், கைரேகை, எதற்காகக் கேட்கிறோம் என்பதற்குத் தூதரகத் தரப்புக் கடிதம்.

வளைகுடாவில் இருந்தவர்கள் ஒவ்வொரு நாட்டுக்கும் அமெரிக்க வெளியுறவுத் துறைத் தளத்தில் உள்ள நாடுவாரிப் பட்டியலைப் பாருங்கள். ஏஜென்ட் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

27 ஜூலை

காகிதமெல்லாம் கஜா புயலில் போனது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். 2018 நவம்பர் 16 விடியலில் எங்கள் வீட்டு ஓடும் பறந்தது, தெரியும். முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் டிரங்குப் பெட்டியோடு போனவர்களும் உண்டு. நாகை கடலோரத்தில் 2004 சுனாமியிலேயே இழந்தவர்களும் உண்டு. பேரிடரில் கல்விச் சான்று இழந்தவர்களுக்கென்றே வருவாய்த் துறை ஒரு சான்று தருகிறது, இ-சேவையில் விண்ணப்பிக்கலாம். அது வேலைக்கு உதவும், தொலைந்த சான்றிதழுக்கு நகல் வாங்க உதவும். அதையே பிறந்த தேதிக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு நிரந்தரப் பதிவேடு, பள்ளி இருக்கும்வரை அது இருக்க வேண்டும். நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய் அதன் பக்கத்தின் நகலைத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு கேளுங்கள்.

நனைந்து ஒட்டிப்போன காகிதத்தைப் பிரிக்கிறேன் பேர்வழி என்று வெயிலில் வைக்காதீர்கள். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். கரையான் அரித்ததும் ஓரம் கிழிந்ததுமாக அசலைக் காட்டினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. இன்றைக்கு யாரும் ஆவணக் கேள்வி கேட்காதீர்கள். சித்ரான்னம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

10 ஆகஸ்ட்

காரைக்கால் அன்பர் கேட்டது இந்தக் கேள்வி பதிலுக்குள் அடங்காது, இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் தாத்தா பிரெஞ்சுக் காலத்தில் பிறந்தவர் என்றால் உங்களுக்கு எங்களைப்போல "ஆண் குழந்தை" தலைவலி இருக்காது. அங்கே பெயரோடு பதிந்திருப்பார்கள். நீங்கள் கேட்பது பிரெஞ்சுக் குடியுரிமை. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. அங்கேயே பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். தாத்தா எழுதிக் கொடுத்தாரா, அன்றைக்கு எங்கே குடியிருந்தார், இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் வேறு காகிதம் சேர்ப்பதில் அர்த்தமில்லை. தாத்தா அப்போது சைகோனில் இருந்தார் என்றால் கணக்கே வேறு. வெளிநாட்டில் குடியிருந்தவர்களுக்கு விதி தலைகீழ். அரசலாற்றுக்கு அந்தப் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதை எடுத்துக்கொள்ளவும்.

24 ஆகஸ்ட்

நிலம். "கிரீன் கார்டு வாங்கினால் நஞ்சையை விற்றுவிட வேண்டுமா?" வேண்டாம். இங்கே இருக்கும்போது வாங்கிய நிலத்தையும், பாட்டன் சொத்தாக வந்ததையும் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் குடியேறிய பிறகு புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. விற்றால் இங்கே குடியிருக்கும் இந்தியருக்குத்தான் விற்கலாம். ஆகவே பக்கத்து வரப்புக்காரர் கொடுப்பதாகச் சொன்ன இரண்டு மா நிலத்தை (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு) வாங்குவதானால் கிளம்புவதற்கு முன்பே கிரயம் முடிக்க வேண்டும்.

எங்கள் தம்பிக்குப் பத்து மா. பட்டா இன்னும் அப்பா பெயரில். அப்பா காலமாகி வருஷங்கள் ஆகின்றன. அக்காவுக்கும் அதில் பங்கு உண்டு. இந்த வாரிசுச் சான்று விஷயம் நிலத்துக்காகத் தொடங்கி விசாவுக்கும் உதவியது. அப்பாவின் பிள்ளைகள் யார் யார் என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட காகிதம், அக்காவும் தம்பியும் ஒரே வயிறு என்பதற்கு நல்ல துணை ஆதாரம். அது வாங்கியது அப்பா இறந்த சமயத்தில், மனுப் போடுவதற்கு முன்னால். பழைய காகிதம் ஜெயிக்கும் என்று நான் சொன்னதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

சாகுபடிக்கு மச்சான் பொறுப்பு. வாய்ப்பேச்சாகக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போகாதீர்கள். குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கும் ஊர் இது, பிறகு நிலம் ஒருபக்கம், நீங்கள் ஒருபக்கம். பவர் பத்திரம் பதிவு செய்ததாக இருக்கட்டும். அதில் விற்கும் அதிகாரம் வேண்டுமா, வேண்டாமா என்று கிளம்புகிற அவசரத்தில் முடிவெடுக்க வேண்டாம். நாங்கள் விற்கும் அதிகாரம் கொடுக்கவில்லை. மச்சானுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. சுருங்கட்டும்.

கூட்டுறவுச் சங்கத்து நகைக்கடனை மீட்டுவிடுங்கள். வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

9 செப்டம்பர்

எதையும் மாற்றாதே என்று நான் அடித்துச் சொல்வதாக ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். ஒரு விதிவிலக்கு இருக்கிறது, யோசித்துப் பார்த்ததில் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் கிளம்புவதற்கு முன்பே மறுவெளியீடு செய்து நிரப்பிக்கொள்ளுங்கள். தம்பி மனைவியுடையது அப்படி. முழுப் பெயரும் முதற்பெயர்க் கட்டத்தில். அப்படியே போனால் விசாவில் அவர் பெயர் குடும்பப் பெயராகி, முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சாகும். "முதற்பெயர் தெரியவில்லை" என்று அர்த்தம். பிறகு கிரீன் கார்டு, ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு எங்கே போனாலும் அம்மாள் பெயர் எஃப்.என்.யூ.தான். கணவர் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு வாங்கினோம். பழைய பாஸ்போர்ட்டையும் கூடவே வைத்திருக்கிறார், "வேறு பெயர்கள்" கட்டத்தில் பழைய வடிவத்தையும் எழுதியாயிற்று.

21 செப்டம்பர்

தம்பி குடும்பத்துக் காகிதங்கள் முழுமையாக இருப்பதாக அமெரிக்காவின் தேசிய விசா மையத்திலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. இனி நேர்காணல் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். எங்கள் மனுவுக்கு மும்பை, சென்னை இல்லை. துணைத் தூதரகம் பாந்த்ரா குர்லா வளாகத்தில். மருத்துவப் பரிசோதனையை அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் மட்டும் செய்ய வேண்டும். சிறு வயதில் போட்ட தடுப்பூசி அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் மறுபடி குத்துவார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டவருக்கு: மாதுங்காவில் இறங்கினால் நம் ஊர் போலவே கிடைக்கும்.

கல்யாணம் தையில் என்பதால் தேதி அதற்கு முன்னால் வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். விசா பொதுவாக ஆறு மாதம் செல்லும், மருத்துவப் பரிசோதனையின் காலாவதியைப் பொறுத்து அது குறையவும் கூடும். அந்தக் காலத்துக்குள் இறங்கினால் போதும். தம்பி முதலில் போய்விட்டு மற்றவர்கள் பின்னால் சேரலாம், ஆனால் அவருக்கு முன்னால் மனைவியோ இளையவளோ போக முடியாது. அதனால் நேர்காணல் முன்னதாக வந்தாலும் கல்யாணத்தை முடித்துவிட்டு மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்புவதாகத்தான் ஏற்பாடு. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

முதல் கேள்வி கேட்டவரே, மாமாவின் பதிவேட்டைத் தேடினீர்களா? ஜாதகத்தில் என்ன மாதம் போட்டிருக்கிறது என்று எழுதுங்கள், எந்த அலுவலகத்தில் கேட்பது என்று சொல்கிறேன்.